குழித்துறை ஆறும் ஒரு மூடு மாவும்

மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்திருந்த அலுவலக நண்பர் ஒருவரை ஓர் ஆடி மாதம் குழித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆடி அமாவாசைக்கு, எங்கள் பேச்சில் வாவுக்கு, இறந்தவர்களுக்குப் பலி போடுவதையொட்டி வைக்கும் வாவுபலிப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த நேரம். ஆற்றங்கரைப் படிக்கட்டு, பலி போடும் இடம், பொருட்காட்சி, ராட்டினம், வரிசையாக அடுக்கி வைத்திருந்த மரக்கன்றுகள் எல்லாவற்றையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். திரும்பும்போது பேருந்தில் கேட்டார்: “ஆத்துல செத்தவங்களுக்குப் பிண்டம் போடறாங்க. மேட்டுல ராட்டினம் சுத்துது. நடுவுல தென்னங்கன்னும் பலாக்கன்னும் விக்குது. இது மூணுக்கும் என்னங்க சம்பந்தம்? மழையில நனைஞ்சுக்கிட்டு இதை ஏன் ஆடியில வைக்கணும்? மே மாசம் பள்ளிக்கூட லீவுல வச்சா இன்னும் கூட்டம் வருமே?”

நல்ல மனிதர், குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. காலங்காலமாக இப்படித்தான் என்று சொன்னேன். அந்தப் பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அப்புறம் ஒவ்வொரு ஆடிக்கும் அந்தக் கேள்வி வந்துவிடும். பலி போட்டுவிட்டு ஈரத்துணியோடு கரையேறும்போது, கன்று விற்கிறவர்கள் நிற்கும் பக்கம் கண் போகும். இப்போது எனக்கு ஒரு பதில் இருக்கிறது. பலி, மழை, மரம் மூன்றும் குழித்துறையில் ஒரே காரியம்தான். ஒன்றைப் பிடுங்கி வேறு மாதத்திலோ வேறு இடத்திலோ வைத்தால் மற்ற இரண்டுக்கும் பொருள் குறைந்துவிடும். இதை நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்ல, ஊரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பாலத்தின் மேலிருந்து பார்த்தால்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்களுக்குக் குழித்துறை என்பது ஒரு பாலம், அவ்வளவுதான். மார்த்தாண்டம் மேம்பாலம் இறங்கி, வெட்டுவெந்நி தாண்டி, ஆற்றின் மேல் வண்டி ஏறி இறங்குவதற்குள் ஊர் பாதி முடிந்துவிடும். பெயர் தெரிந்தவர்களும் மார்த்தாண்டத்தைத்தான் ஊர் என்பார்கள். துணிக்கடை, நகைக்கடை, சந்தை எல்லாம் அங்கேதான். ஆனால் நகராட்சியின் பெயர் குழித்துறை. மார்த்தாண்டம் அதற்குள் அடங்கிய இடம். பழைய ஆட்கள் அதை இன்றும் தொடுவெட்டி என்றுதான் சொல்வார்கள். விளவங்கோடு தாலுகாவின் அலுவலகமும் நீதிமன்றங்களும் குழித்துறையில் இருக்கின்றன. பத்திரம், பட்டா, வழக்கு என்றால் குழித்துறை. தேங்காய், மரச்சீனி, வாழைக்குலை விற்க வேண்டுமென்றால் தொடுவெட்டி. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தபோது நிலையத்துக்கு வைத்த பெயரும் குழித்துறைதான்.

இந்த ஊரைச் சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. சாலை கிழக்கும் மேற்குமாக எல்லோரையும் கடத்திக்கொண்டு போகிறது. ஆறோ மலையிலிருந்து கடலுக்குப் போகிறது. ஊரின் பழைய வாழ்க்கை முழுவதும் ஆறு போன திசையில்தான் நடந்தது.

எங்கள் ஆற்றுக்கும் பெயர் தாமிரபரணிதான். திருநெல்வேலிக்காரர்கள் இதைக் கேட்டால் லேசாகச் சிரிப்பார்கள். அவர்களுடைய ஆறு கிழக்கே போய் வங்கக் கடலில் சேருகிறது. எங்களுடையது மேற்கே போய் அரபிக்கடலில் சேருகிறது. குழப்பம் வேண்டாம் என்று நாங்கள் குழித்துறை ஆறு என்று சொல்லிவிடுவோம். மலையிலிருந்து வரும் கோதையாறும் பறளியாறும் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து மூவாற்றுமுகத்தில் சேருகின்றன. அங்கிருந்து திக்குறிச்சி, குழித்துறை என்று இறங்கித் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் கடல். மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களுக்கு இந்த ஆறு நன்றாகத் தெரியும். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, “கோபாலா, கோவிந்தா” என்று கூவிக்கொண்டு அவர்கள் வந்து சேரும் இரண்டாவது கோயில் திக்குறிச்சி மகாதேவர், இதே ஆற்றங்கரையில். ஆனால் சிவராத்திரி மாசியில் வருகிறது. அப்போது ஆறு மெலிந்து கிடக்கும். இந்த ஆறு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் ஆடியில்தான் வர வேண்டும்.

ஏனென்றால் எங்களுக்கு இரண்டு மழை. மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வெறும் காற்றாக வீசும் நாட்களில் எங்களுக்கு வைகாசிக் கடைசியிலேயே மழை பிடித்துவிடும். ஆனியில் கொட்டும். ஆடியில் விட்டுவிட்டுப் பெய்யும். பிறகு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இன்னொரு முறை. 1906இல் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை முடிந்தது; மூலம் திருநாள் மகாராஜா காலம், கட்டியவர் மிஞ்சின் என்ற பொறியாளர். அந்த அணையும், பறளியாற்றில் பிறகு வந்த பெருஞ்சாணி அணையும், கீழே புத்தன் அணையும் சேர்ந்து மலைத் தண்ணீரில் பெரும்பங்கைக் கிழக்கே நாஞ்சில்நாட்டு வயல்களுக்குத் திருப்பிவிட்டன. எங்கள் விளவங்கோட்டுக்கும் ஒரு பங்கு பட்டணங்கால் வழியாக வந்தது. அந்தக் கால்வாயைப் பறளியாற்றுக்கு மேலே தூக்கிக் கடத்துவதற்காகக் காமராஜர் காலத்தில் திட்டமிட்டு 1966இல் முடித்ததுதான் 28 தூண்கள் மேல் 115 அடி உயரத்தில் நிற்கும் மாத்தூர் தொட்டிப்பாலம். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் அதன் மேல் நடந்து படம் எடுக்கிறார்கள். விளவங்கோட்டு விவசாயிக்கு அது வயலுக்கு வெள்ளம் கொண்டுவரும் வழி. தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

அதனால் ஆற்றில் இயல்பாக ஓட வேண்டிய வெள்ளத்தை ஆண்டின் பாதி நாள் நாங்கள் பார்ப்பதில்லை. ஆனியிலும் ஆடியிலும் அணைக்குக் கீழே பெய்யும் மழையும் அணை நிறைந்து விடும் நீரும் சேர்ந்து வரும்போதுதான் ஆறு தன் கரையைத் தொடும். குழித்துறைத் தடுப்பணையின் மேல் நடக்கிற பாதை அப்போது அடிக்கடி மூழ்கிவிடும். செம்மண் கரைந்த நிறத்தில், ஒடிந்த கமுகு மட்டையையும் காய்ந்த ஓலையையும் சுமந்துகொண்டு ஓடும் அந்த ஆற்றில்தான் வாவு நாளில் பலி போட இறங்குகிறோம்.

ஆற்றோடு போனவர்களும் வந்தவர்களும்

சரித்திரம் என்று கேட்டால் எங்கள் பக்கம் கோட்டையோ அரண்மனையோ இல்லை. பத்மநாபபுரம் போக வேண்டும். இங்கே இருப்பவை வேறு மாதிரியானவை. ஆற்றுக்குத் தெற்கே முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் முஞ்சிறைச் சபையாரிடம் நிலத்துக்கு நிலம் மாற்றி வாங்கி அங்கே ஒரு பெருமாள் கோயிலும், 95 மாணவர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் ஏற்படுத்தினான் என்று செப்பேடு சொல்கிறது. வடக்கே சிதறால் மலையில் அதே நூற்றாண்டில் சமணர்கள் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்தார்கள். பிறகு அதுவே பகவதி கோயிலும் ஆயிற்று. அந்தப் பாறை மேல் நின்றால் தென்னைகளுக்கு இடையில் ஆறு வளைந்து போவது தெரியும். படிக்க வந்தவர்களும் துறவிகளும் இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கேட்டால் நான் ஆற்றைத்தான் காட்டுவேன்.

கீழே கடலோரத்தில் 1860இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள். பூவாறிலிருந்து கன்னியாகுமரி வரை கொண்டுபோக நினைத்தது பாதியில் நின்றுபோனது. ஆனாலும் தேங்காய்ப்பட்டணம் வழியாக வள்ளங்கள் சரக்கோடு போய்வந்த காலம் ஒன்று உண்டு. தேங்காயும் கருப்பட்டியும் கயிறும் போயின. உப்பும் கருவாடும் வந்தன. அந்த வள்ளங்கள் அயினித் தடியில், அதாவது அயினி மரத்தில், செய்தவை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன், மரம் பற்றிப் பிறகு பேச வேண்டியிருப்பதால்.

மக்கள் என்று பார்த்தால், குழித்துறையைப் போலக் கலந்த ஊர் சிறிய ஊர்களில் குறைவு. மகாதேவர் கோயிலுக்கும் சி.எஸ்.ஐ. கோயிலுக்கும் இடையில் ஒரு கூப்பிடு தூரம். திருத்துவபுரத்தில் கத்தோலிக்கப் பேராலயம். 2014இல் கோட்டாறு மறைமாவட்டத்திலிருந்து பிரித்துத் தனியாகக் குழித்துறை மறைமாவட்டமே அமைந்துவிட்டது. தேங்காய்ப்பட்டணத்தில் பழைய பள்ளிவாசல். பேச்சில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். ஆடி அமாவாசை என்று தமிழ்நாடும், கர்க்கடக வாவு என்று கேரளமும் கும்பிடும் நாள் ஒன்றேதான். பாறசாலைப் பக்கத்து ஆட்களும் வந்து எங்கள் ஆற்றில் இறங்குவார்கள். எல்லைக்கோடு அன்றைக்குத் தண்ணீரில் தெரியாது.

அந்தக் கோடு எளிதாக விழுந்ததும் அல்ல. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி, தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சி விடுதலை நாளாக அறிவித்திருந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் சுட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1956 நவம்பர் 1ஆம் தேதி, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன. அன்று சுடப்பட்டுச் செத்தவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற வீட்டு ஆட்கள். சந்தைக்குப் போன ஆள், வயலில் நின்ற ஆள்.

2018 ஆகஸ்ட் 11

நான் சொல்ல வந்த நாளும் ஓர் ஆகஸ்ட் 11தான். 2018இல் ஆடி வாவு அந்தத் தேதியில் விழுந்தது, சனிக்கிழமை. முந்தின ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் மாமி இறந்திருந்தார். ஆண்டு முடிந்து ஆற்றில் போடும் முதல் வாவுபலி. மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவரையும் மாமி மகனையும் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே ஆட்டோவில் கிளம்பினோம். எங்கள் வீடு புதுக்கடைக்குப் பக்கம்.

அன்று ஆற்றில் நல்ல வெள்ளம். கயிறு கட்டி, அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கரையில் வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் வாழையிலை, பச்சரிசிச் சோறு, எள், தர்ப்பை, துளசி, சிறுபூளை. மந்திரம் சொல்கிறவர் சொல்லச் சொல்ல, பெயரும் நட்சத்திரமும் அவரவர் வாய்க்குள் முணுமுணுப்பார்கள். அப்பன் வழி, அம்மை வழி, பிறகு யாருமற்றுப் போனவர்களுக்கும் ஒரு பங்கு. அந்த இடம் வந்தபோது மாமா எள்ளை இன்னொரு முறை அள்ளி வைத்தார். ஏன் என்று பிறகு கேட்டேன். “இன்னைக்கு வெடி வச்ச நாளாக்கும். அன்னைக்கு அப்பன் தேங்காயும் கொண்டு தொடுவெட்டிக்குப் போனவரு. ராத்திரிதான் வந்தாரு. அதுவரை அம்மையும் நானும் நடையிலேயே நின்னோம். வராமப் போன ஆளுகளும் உண்டு இல்லியா?” என்றார். அவர் சொன்னது 1954 துப்பாக்கிச் சூட்டை. அப்போது அவர் பள்ளிக்கூடம் போகும் சிறுவன். இலையைத் தலைக்கு மேல் வைத்து, ஆற்றுக்கு முதுகு காட்டி நின்று, பின்னால் வெள்ளத்தில் விட்டு முங்கி எழுந்தோம்.

துணி மாற்றிக்கொண்டு பொருட்காட்சிப் பக்கம் வந்தோம். மாமி மகனுக்கு உடனே வீட்டுக்குப் போக வேண்டும். மாமா கன்று விற்கிறவர்கள் இருக்கும் பக்கம் நடந்தார். எப்போதும் போலத் தென்னந்தை, கமுகந்தை என்று நாங்கள் சொல்லும் தென்னை, கமுகுக் கன்றுகள், பிலாவு என்னும் பலா, நல்லமிளகுக் கொடி எல்லாம் பாலித்தீன் பைகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் மாங்கன்றுகள் இருந்த இடத்தில் நின்றார். மாமரத்தை எங்கள் பக்கம் மாவு என்போம். கடைக்காரர் ஒட்டுக்கன்று ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஒட்டு எடுங்க பாட்டா. மூணாம் வருஷம் காய்க்கும். நின்ன நில்புல கையால பறிக்கலாம்.”

“ஒட்டு வேண்டாம் பிள்ளே. கொட்டை போட்டு முளைச்ச நாட்டு மாவு உண்டா?”

“அது காய்க்கதுக்கு எட்டு பத்து வருஷம் ஆவுமே. கூரைக்கு மேல போவும், பறிக்கவும் பாடு.”

“போவட்டு. எனக்குக் காய் வேண்டாம். தடி வேணும்.”

கடைக்காரர் ஒரு நிமிடம் மாமாவைப் பார்த்தார். அவருடைய ஈரத் தலையையும் நெற்றியில் இருந்த சந்தனத்தையும் பார்த்தார். “தெக்கு வசத்துக்கா?” என்று கேட்டார். மாமா ஆமாம் என்று தலையை அசைத்தார். அவர் வேறு ஒன்றும் கேட்காமல் கடையின் பின்பக்கம் போய், உயரமான, இலை குறைந்த ஒரு கன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். விலை ஒட்டுக்கன்றில் கால்பங்குகூட இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பல இந்து வீடுகளில் இறந்தவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சொந்த விளையில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், வீட்டுக்குத் தெற்கே எரிப்பார்கள். அதற்கு வெட்டுவது மாமரம். ஒருவர் இறந்தார் என்று தெரிந்தவுடன் முதலில் வருகிறவர்களில் ஒருவர் கோடாலிக்காரர். முற்றத்தில் பெண்கள் அழுதுகொண்டிருக்கும்போதே பின்னால் மரம் விழும் சத்தம் கேட்கும். சடங்குகள் முடிந்த பிறகு எரித்த இடத்தில் ஒரு தென்னந்தை நடுவார்கள். ஒரு விளைக்குள் நுழைந்தால், எந்தத் தெங்கு யாருடையது என்று வீட்டுப் பெரியவர்கள் காட்டித் தருவார்கள். அம்மாச்சியின் தெங்கு, அப்பனின் தெங்கு. அதில் பறித்த இளநீரையும் குடித்திருக்கிறோம், யாரும் தயங்கியதில்லை.

மாமி போனபோது தெற்கே நின்ற பெரிய மாவை வெட்டினார்கள். மிச்சம் இரண்டு நின்றன. அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தத் துயரத்துக்கு முன்னால் மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசவும் கூடாது. ஆனால் மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் தென்னையும் பிலாவும் வேரோடு விழுந்தன. எங்கள் மாமாவின் விளையில் மிச்சம் நின்ற இரண்டு மாவும் விழுந்தன. ஊரெல்லாம் தடியாகக் கிடந்ததால் வாங்க ஆளில்லாமல் அப்படியே செல் பிடித்துப்போயின. அன்று தொட்டு அவருக்கு ஒரு நிலைகொள்ளாமை. யார் பேச்சு எடுத்தாலும் “ஒரு மூடு மாவு இல்லாத்த வீடு வீடா?” என்பார். ஒரு மூடு என்றால் ஒரு மரம். நாங்கள் மாம்பழத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நல்ல ஒட்டு ரகம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆட்டோவில் அந்தக் கன்றை அவர் மடியில் வைத்துக்கொண்டார். புதுக்கடை வரும்போது தியாகிகள் ஸ்தூபியில் மாலை போட்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்காமல், கையெடுத்துக் கும்பிட்டார். மாமி மகன் கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டான்: “இதை இப்பம் நட்டா எப்பம் தடியாவும்? உங்களுக்கு எதுக்கு இது?” மாமா சொன்ன பதிலில் ஒரு நெகிழ்ச்சியும் இல்லை, கணக்குத்தான் இருந்தது. “எனக்கு அப்புறத்து வீட்டுல கேட்டாத் தருவினும். அவியளுக்கு நாம குடுத்திருக்கோம். ஆனா எடுத்ததுக்கு ஒண்ணு வைக்கணுமா வேண்டாமா? உனக்க அம்மை ஒரு மூடு கொண்டுபோயிருக்கா.”

எனக்கு அந்த ஆட்டோவில்தான் நண்பரின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

ஆடிதான், ஆறுதான்

இறந்தவர்கள் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு மரம் கொண்டுபோகிறார்கள். அவர்களை நினைக்க ஆற்றுக்கு வரும் நாளில், வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வாங்கிக்கொண்டு போகிறோம். பொருட்காட்சியைத் தொடங்கியவர்கள் இதை மனத்தில் வைத்துத் தொடங்கினார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆள் கூடும் இடத்தில் கடை வருவது எங்கும் நடப்பது. ஆனால் வந்த கடைகளில் எது நிலைக்கும் என்பதை வாங்குகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பலிக்கு வந்தவர்கள் கன்று கேட்டார்கள், கன்றுக்கடை நிலைத்தது. “தெக்கு வசத்துக்கா?” என்று ஒரு வியாபாரி கேட்கிறார் என்றால், அதே காரியத்துக்கு எத்தனை பேர் அவரிடம் வந்து போயிருக்க வேண்டும்.

மே மாதத்தில் வைக்கலாமே என்ற யோசனைக்கும் பதில் மண்ணிலேயே இருக்கிறது. சித்திரையிலும் வைகாசியிலும் மாம்பழமும், சக்கை என்னும் பலாப்பழமும் மரத்தில் இருக்கும். தின்று எறிந்த கொட்டை ஆனி மழையில் முளைவிட்டு, ஆடியில் ஒரு சாண் உயரக் கன்றாக நிற்கும். மே மாதம் விற்க இந்த ஆண்டின் கன்றே இருக்காது. ஆடியில் நட்டால் மீதி இருக்கும் மழையில் வேர் பிடிக்கும். ஐப்பசி மழையில் இரண்டாவது முறை வெள்ளம் குடிக்கும். மாசி, பங்குனி வெயில் வரும்போது வேர் கீழே போயிருக்கும், குடம் சுமக்க வேண்டியதில்லை. மாமா நட்ட கன்று அடுத்த சில நாட்களிலேயே, கேரளத்தைப் புரட்டிப்போட்ட அந்த ஆகஸ்ட் மழையில், தடம் நிறைய வெள்ளம் கட்டி நின்றது. வரப்பை வெட்டிவிட்டார், பிழைத்துக்கொண்டது.

கன்று வாங்க வருகிறவர்களில் பலி போடுகிறவர்கள் ஒரு பகுதிதான் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் அடுத்த வீட்டு அண்ணன் குடும்பம் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தது. இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்கிறவர்கள். அவருக்கு வாவு என்றால் பிலாவு வாங்கும் நாள். தேங்காய்ப்பட்டணத்துக் கூட்டாளி ஒருவன் வருஷம்தோறும் தென்னந்தை எடுக்க வருவான். ராட்டினமும் அப்பளமும் வளையல் கடையும் பிள்ளைகளுக்கு. செத்தவர்களுக்குச் செய்த கையோடு பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிடுவதை நண்பர் விசித்திரமாகப் பார்த்தார். எனக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. பாட்டன் பாட்டிகளுக்குப் பிடித்த காரியம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

என் கவலை வேறு. இப்போது பொருட்காட்சியில் கன்றுக்கடை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆனால் முன்வரிசையில் நிற்பவை ரம்புட்டான், மங்குஸ்தான், டிராகன் பழம், வியட்நாமிலிருந்து வந்த சீக்கிரம் காய்க்கும் பிலாவு. நான் அவற்றுக்கு எதிரி அல்ல. எங்கள் மழைக்கு அவையும் நன்றாக வருகின்றன. விளைகளை ரப்பர் எடுத்துக்கொண்டது ஒரு பக்கம், மிச்சத்தை ஐந்து சென்ட் மனைகளாகப் பிரித்தது மறுபக்கம். ஐந்து சென்டில் வீடு கட்டியவர் தெற்கே எரிக்க முடியுமா, அங்கே நாட்டு மாவு நட முடியுமா? முடியாது. எரிப்பதற்குச் சிரட்டையும் கேஸும் வந்துவிட்டன. அது தவறும் இல்லை. மரத்தை வெட்டாமல் எரிக்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் வெட்டுவதற்கான தேவை போனதோடு வைப்பதற்கான கடமையும் போய்விட்டது. வெட்டின காலத்தில் மாவு இருந்தது. வெட்டாத காலத்தில் மாவு இல்லை.

ஆற்றுக்கும் அதேதான் நடந்தது. குளிக்கவும் துவைக்கவும் வள்ளம் இறக்கவும் தினமும் ஆறு தேவைப்பட்ட காலத்தில் யாரும் அதன் அடியைத் தோண்டவிடவில்லை. வீட்டுக்கு வீடு போர் போட்டு, குழாயில் வெள்ளம் வந்தபின் மணல் அள்ளிக்கொண்டு போனார்கள். கரை சரிந்தது, துறைகளில் பள்ளம் விழுந்தது. கீழே கடல்நீர் ஏறி வரத் தொடங்கியதால் பரக்காணியில் தடுப்பணை கட்ட வேண்டி வந்தது. வருஷத்தில் ஒரு நாள் இத்தனை பேர் காலை நனைக்க இறங்குகிறார்கள் என்பதுதான், குழித்துறையில் இந்த ஆற்றுக்கு இன்று மிஞ்சியிருக்கும் பெரிய காவல். அந்த நாளை ஆற்றிலிருந்து பிரிக்க ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

இதில் நகராட்சியிடம் கேட்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. பொருட்காட்சியில், ஆற்றிலிருந்து ஏறி வருகிற வழியில், வாடகை இல்லாமல் ஒரு மேசை. செங்கவருக்கையோ நெட்டுக்குழியோ, பெயரே தெரியாத புளிச்சி மாவோ, வீட்டில் தின்ற நாட்டு மாம்பழத்தின் கொட்டையை எறியாமல் ஒரு பழைய பால் கவரில் மண் நிறைத்து ஊன்றி வைத்தால் ஆடிக்குள் முளைத்துவிடும். இரண்டு கன்று கொண்டுவருகிறவர் அந்த மேசையில் வைத்துவிட்டு, வேறு வீட்டுக் கன்று ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். அயினியும் கூழன் பிலாவும்கூட வைக்கலாம். அஞ்சு சென்ட்காரர்களுக்கு இடம் இல்லையென்றால் பள்ளிக்கூட வளாகமும் கோயில் பறம்பும் கல்லறைத் தோட்டத்து ஓரமும் ஆற்றங்கரையும் கிடக்கின்றன. கூட நிற்க ஆள் வேண்டும். விளவங்கோட்டிலோ கிள்ளியூரிலோ இருந்து இதைப் படிக்கிறவர்கள் இந்த வைகாசியிலேயே கொட்டை சேர்க்கத் தொடங்கிவிடுங்கள். மனுவை நான் எழுதிக் கொடுக்கிறேன்.